நிறுத்தக் காரணம்

மணல்தான் அது, முதலில்.
உருக்கி, வடித்து, முடியளவு தடிமனில் அறுத்து,
நீலம் ஏற்றிய மணல்.
ஒன்பது மாதம் மண்ணே தெரியாத ஊருக்கு
அதைச் செப்டம்பர் கப்பலில் அனுப்பியிருந்தார்கள்.

கிரீன்லாந்தின் மேற்குக் கரை,
வரைபடம் கைகழுவும் இடம்.
தொண்ணூறு பேர், முந்நூறு நாய்கள்,
ஒரு டீசல் அறை.
இருபத்தாறு வருடமாக அதன் இருமலுக்குள்
தூங்கி எழுகிறவன் நான்.
பகலைப் பீப்பாய்க் கணக்கில்
இறக்கி வைக்கும் ஊர் எங்களுடையது.

பிபாலுக் பலகைகளைப் படுக்க வைக்கவில்லை.
சுவர்போல நிறுத்தினாள்.
இங்கே சூரியன் தலைக்கு மேல் ஏறாது,
எதிரே நின்றுதான் பேசும் என்றாள்.
சரிதான்,
ஆனால் அவள் கடைசித் திருகை முடுக்கியபோது
சூரியன் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது.
"பந்தி முடிந்த பிறகு
பாத்திரத்தோடு வந்திருக்கிறாய்"
என்றான் மீன்பிடிக்கிற உலோரியாக்.

நவம்பர். பூஜ்யம்.
டிசம்பர். பூஜ்யம்.
ஒருநாள் அவள் என் கைவிளக்கை வாங்கி
பலகைமேல் அடித்துக் காட்டினாள்.
மானியில் பூஜ்யத்துக்குப் பின்னால் ஒரு புள்ளி,
புள்ளிக்குப் பின்னால் ஒரு நான்கு.

ஒளி துளித்துளியாய் விழுமாம்.
விழுகிற துளி ஓர் எலெக்ட்ரானைத்
தோளில் தட்டி எழுப்புமாம்.
எழுந்தது அங்கேயே திரும்பப் படுத்துவிட்டால்
மிச்சம் வெறும் சூடு.
படுக்கவிடாமல் இருக்கத்தான் நடுவில் ஓர் எல்லை.
இப்பக்கம் பாஸ்பரஸ் கலந்தது, ஒன்று கூடுதல்;
அப்பக்கம் போரான், ஒன்று குறைவு.
கூடுதலும் குறைவும் தொட்டுக்கொண்ட இடத்தில்
ஏறி வர முடியாத ஒரு சரிவு.
உருண்டது வெள்ளிக் கோடுகளில் ஒதுங்கும்,
கம்பி பிடித்து வீடு வரை போகும்,
வேலையை முடிக்கும்,
பின்வாசல் வழியே
தான் விட்டுப்போன குழிக்கே வந்து சேரும்.

சாம்பல்?
இல்லை.
புகை?
இல்லை.
சத்தம்?
அவள் சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரியில் பனிக்கடலின் விளிம்பு சிவந்தது.
வட்டம் இன்னும் எழவில்லை, அதன் வாசனை மட்டும்.
மூன்று வாட்.
ஒரு குவளைத் தண்ணீரும் கொதிக்காது அதில்.
இருந்தும் ரேடியோவை எடுத்து
ஊர் முழுக்கச் சொன்னேன்:
மூன்று.

ஏப்ரலில் மைனஸ் இருபத்திரண்டு.
சூட்டில் சோம்புமாம் பலகை, குளிரில் துள்ளுமாம்.
தன் பங்குக்குப் பனியும்
கீழிருந்து வெளிச்சத்தை வாரி வீசியது,
முதுகிலும் கண் வைத்த பலகைகள் அவை.
அட்டையில் அச்சிட்ட எண்ணைத் தாண்டியது எண்.
பன்னிரண்டு பத்துக்குப் பிபாலுக் தலையசைத்தாள்.
நெம்புகோலில் கை வைத்தேன்.

இயந்திரம் நின்றது.

முந்நூறு நாய்களும் ஊளையிட்டன.
பிறந்தது முதல் கேட்ட மூச்சு
சட்டென்று அறுந்தால் வேறென்ன செய்யும்?
செத்தது யார் என்று கேட்பதுபோல
ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள்.
அவியாக் மட்டும் வரவில்லை.
அவள் வீட்டுத் தையல் இயந்திரம்
சீல் தோலில் ஊசியை இறக்கி ஏற்றிக்கொண்டே இருந்தது,
எதுவும் நின்றதாக அதற்குச் சேதியில்லை.

நாய்கள் ஓய்ந்த இடைவெளியில்
தூரத்தில் பனி முறிந்தது கேட்டது.
என் கழுத்துப்பட்டி தாடியில் உரசியதும் கேட்டது.

பதினோராவது நிமிடம் வடமேற்கிலிருந்து மூடுபனி.
எண் சரிந்தது.
பொத்தானை நானேதான் அழுத்தினேன்,
இருமல் திரும்பியது,
நாய்கள் சுருண்டு படுத்தன.

பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு:
நிறுத்தக் காரணம்.
மேலே என் கையெழுத்திலேயே இருபத்தாறு வருடம்:
வடிகட்டி அடைப்பு.
பெல்ட் அறுந்தது.
எண்ணெய் இறுகியது.
வடிகட்டி அடைப்பு.

பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து
கொஞ்சநேரம் நின்றேன்.
பிறகு எழுதினேன்:
வெயில்.